மூன்று நாள் தீவும் முப்பொருளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இக்காலக் கவிதையில் தீவு என்னும் சொல் பெரும்பாலும் ஒரு மனநிலையின் பெயராகவே வழங்கி வருகிறது. தனிமையைச் சொல்ல வேண்டுமா, தீவு. உறவு முறிவைச் சொல்ல வேண்டுமா, தீவு. கூட்டத்தின் நடுவே ஒட்டாமல் நிற்கும் ஒருவரைச் சொல்ல வேண்டுமா, அதற்கும் தீவு. இவ்வாறு தீவைப் பாடுவோருள் பலர் ஒரு தீவிலும் கால் வைத்ததில்லை. அது குற்றமாகாது, நிலவைப் பாடிய எவரும் நிலவுக்குச் சென்று வந்தவர் அல்லர். ஆயினும் நிலவில் மக்கள் இல்லை. தீவில் மக்கள் இருக்கின்றனர். அவர்கள் வாழும் இடத்தை வெறுமைக்கு உவமையாக்கும்போது கவிஞர் சற்றே நிதானிக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாறு நிதானிக்க நல்லதொரு வழி, ஒரு தீவுக்கு உண்மையாகவே சென்றுவரத் திட்டமிடுவதாகும். மூன்று நாள் ஓய்வுக்காகச் சிறு தீவொன்றுக்குச் செல்ல விரும்பும் கவிஞர் ஒருவரை இங்கே கற்பனை செய்துகொள்ளலாம். காவிரிக் கரைச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர். ஆண்டு முழுதும் அலுவலகக் கோப்புகளோடு போராடுபவர். கடலை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பவர். அவர் தேர்ந்தெடுக்கும் தீவு கற்பனையன்று. அது அரபிக்கடலில், கொச்சியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில், இலட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் பிறைபோல் வளைந்து கிடக்கும் மினிக்காய்.

கவிஞர் ஒரு தாளை எடுத்துப் பட்டியல் எழுதுகிறார். முதல் வரி: தனிமை. இரண்டாம் வரி: அலையோசை. மூன்றாம் வரி: எழுதுவதற்கு ஒரு புதுக் குறிப்பேடு. நான்காம் வரி: எவரும் அழைக்க இயலாத மூன்று நாள்கள்.

பட்டியல் அழகாகத்தான் இருக்கிறது. அகப்பொருள் இலக்கணம் பயின்றவர்க்கு இதில் உள்ள குறை உடனே புலப்படும். இந்நான்கில் குறிப்பேடு நீங்கலாக மற்றவை எல்லாம் உரிப்பொருள். முதற்பொருளும் இல்லை, கருப்பொருளும் இல்லை.

தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றை வரிசைப்படுத்தி, பாடலில் ஒன்றைவிட அடுத்தது சிறந்தது என்று உணர்த்துகிறார். உரிப்பொருளே தலையாயது என்பதில் ஐயமில்லை. எனினும் சிறப்பில் முந்துவது உரி. வரிசையில் முந்துவது முதல். நிலமும் பொழுதும் இல்லாமல் உணர்வுக்கு நிற்க இடமில்லை. பாட்டுக்குப் பொருந்தும் இவ்வரிசை பயணத்திட்டத்துக்கும் அப்படியே பொருந்துவதை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்பொருள்

நிலத்தை முதலில் அளந்து பார்க்கலாம். இலட்சத்தீவுக் கூட்டத்தில் 36 தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் நிலையாக வாழ்பவை 10. எல்லாத் தீவுகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலப்பரப்பு ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர்தான். நம் பக்கத்தில் இரண்டு மூன்று ஊராட்சிகளைச் சேர்த்தால் அவ்வளவு வந்துவிடும். அந்நிலத்தில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி வாழ்ந்தவர்கள் 64,473 பேர். சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கும் மேல் என்று இது கணக்காகிறது. மினிக்காயில் மட்டும் 10,000 பேருக்குச் சற்று மேல். தனிமையைத் தேடிப் புறப்பட்ட கவிஞர், தம் சிற்றூரைவிட நெருக்கமாக மக்கள் வாழும் இடத்துக்குப் போகப்போகிறார். முதல் வரி இங்கேயே அடிபட்டுப் போகிறது.

தமிழகத்துக்கு இத்தீவு முற்றிலும் அயலானதன்று. 1956 நவம்பர் 1 அன்று மைய அரசின் நேரடி ஆட்சிப் பகுதியாகும் வரை, மினிக்காய் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இலட்சத்தீவு என்னும் பெயர் 1973இல் சூட்டப்பெற்றது. அதற்கும் நெடுங்காலம் முன்பு, முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி கடல் நடுவே உள்ள பழந்தீவுகளை அவன் கைக்கொண்டதாகப் பேசுகிறது. அவை மினிக்காய்க்குத் தெற்கே உள்ள மாலத்தீவுகள் என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. மன்னன் கலம் ஏறிச் சென்றான். கவிஞர் அனுமதிச் சீட்டு பெற்றுச் செல்ல வேண்டும். 1967ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிகளின்படி, தீவினர் அல்லாதார் எவரும் அனுமதியின்றி அங்கே நுழையவோ தங்கவோ இயலாது. எந்தத் தீவு, எத்தனை நாள், எங்கே தங்குதல் என்பனவற்றை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்துடன் அடையாளச் சான்றும் காவல் துறையின் நற்சான்றும் கேட்கப்படுவதுண்டு. விதிகள் காலந்தோறும் மாறுவன. ஆதலால் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தீவு நிருவாகத்திடம் கேட்டறிவது நலம்.

இவ்வனுமதியைத் தொல்லையாகக் கருதுவோர் உண்டு. தீவு மக்கள் பழங்குடியினர் என அட்டவணைப்படுத்தப்பட்டவர்கள். அவர்கள் கையிலிருப்பது 32 சதுர கிலோமீட்டர். அதில் ஒரு சாணும் வெளியார் கைக்குப் போனால் அவர்கள் பின்வாங்குவதற்கு வேறு நிலம் இல்லை. வீட்டுக்குள் நுழைவோர் வாயிலில் நின்று குரல் கொடுப்பது நம் வழக்கம். அனுமதிச் சீட்டு அத்தகைய குரல் என்று கொண்டால் தொல்லை தோன்றாது.

இனிப் பொழுது. நெய்தலுக்குப் பெரும்பொழுது ஆறும் உரியன என்பது இலக்கணம். கவிதைக்கு அவ்வுரிமை உண்டு, கப்பலுக்கு இல்லை. ஆனி, ஆடி ஆகிய முதுவேனில் திங்கள்களும் ஆவணி, புரட்டாசி ஆகிய கார்காலத் திங்கள்களும் அங்கே தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். நம் ஊரில் ஆடிக்காற்றில் புழுதி பறக்கையில், அங்கே பவளத் திட்டின்மேல் கடல் மோதிப் பிளக்கும். கப்பல்கள் குறையும், சிறு படகுகள் கரையேறும். பல தீவுகளில் கப்பல் பவளத் திட்டுக்கு வெளியே நிற்க, பயணிகள் அலையில் ஏறியிறங்கும் படகுக்கு மாறியே கரை சேர வேண்டியிருப்பதால், கொந்தளிக்கும் கடலில் அந்த ஓர் அடி இடைவெளியே பெரிய கண்டமாகிவிடும். ஆகவே ஐப்பசி தொடங்கிச் சித்திரை முடிய உள்ள காலமே பயணத்துக்கு ஏற்றது. அதிலும் முன்பனியும் பின்பனியும் சிறந்தவை.

பொழுதின் கணக்கு இத்துடன் முடிவதில்லை. கொச்சியிலிருந்து கப்பலில் செல்ல, தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம் ஆகும். 1988 முதல் அகத்தித் தீவில் விமான ஓடுதளம் உண்டு. ஆயினும் அகத்தியிலிருந்து மினிக்காய்க்குக் கடல்வழி நெடியது. கப்பல் நாள்தோறும் புறப்படுவதில்லை; புறப்படும் நாளும் வானிலையால் தள்ளிப்போகக் கூடும். காவிரிக் கரையிலிருந்து கொச்சி, கொச்சியிலிருந்து தீவு, மீண்டும் அதே வழி, இடையில் காத்திருப்பு என்று கூட்டிப் பார்க்கும் கவிஞர், மூன்று நாள் ஓய்வுக்கு ஏழெட்டு நாள் விடுப்புக் கேட்க வேண்டியிருப்பதை உணர்கிறார். தீவில் வாழ்பவர்க்கு இது வாழ்நாள் முழுதும் உள்ள கணக்கு. மருத்துவத்துக்கும் மேற்படிப்புக்கும் திருமணச் சீருக்கும் அவர்கள் இதே கப்பலுக்குத்தான் காத்திருக்கிறார்கள். கவிஞர் பதிவு செய்யும் ஒவ்வோர் இருக்கையும், வீடு திரும்ப வேண்டிய ஒருவர் எதிர்நோக்கும் இருக்கையாகவும் இருக்கலாம். நோன்புப் பெருநாளை ஒட்டிய நாள்களையும் பள்ளி விடுமுறைத் தொடக்கத்தையும் தவிர்ப்பது பண்பு.

பட்டியல் திருத்தப்படுகிறது. தனிமை என்ற வரி அடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அனுமதி, கப்பல், விடுப்பு என்னும் மூன்று சொற்கள் எழுதப்படுகின்றன.

கருப்பொருள்

தொல்காப்பியம் தெய்வம் முதலாகக் கருப்பொருள்களை எண்ணுகிறது. பின்வந்த நம்பியகப்பொருள் அவற்றைப் பதினான்காக விரிக்கையில் ஊரையும் நீரையும் தனித்தனியே சேர்த்துக் கொள்கிறது. நெய்தலுக்குரிய நீர்களுள் ஒன்றாக அது மணற்கிணற்றைக் குறிக்கிறது. வகுப்பறையில் இவ்வரிசையை மனப்பாடம் செய்த மாணவர்க்கு மணற்கிணறு வெறும் விடைச்சொல். மினிக்காயில் அது உயிர்.

அத்தீவில் ஆறு இல்லை, மலை இல்லை, ஏரியும் அணையும் இல்லை. நிலம் கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டரே உயர்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அம்மழை பவள மணலுக்குள் இறங்கி, கீழே ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் உவர்நீரைவிட எடை குறைந்தது. அதனால் பாலின்மேல் ஆடைபோல் மேலே தங்குகிறது. நடுவில் சற்றுத் தடித்து, கரைகளை நோக்கி மெலிந்து செல்லும் இந்நீர்ப்படலமே தீவின் கிணறுகளுக்கு ஊற்று. மெல்ல இறைத்தால் ஆண்டு முழுதும் தரும். விசைப்பொறி வைத்து வேகமாக இறைத்தால், நன்னீர் குறைந்த இடத்துக்குக் கீழிருந்து உப்பு ஏறிவிடும். ஒருமுறை உவர்த்த கிணறு மீண்டும் இனிக்கப் பல மழை வேண்டும். மேலும், மணல் எதையும் தடுத்து நிறுத்தாது; மேலே கொட்டப்படும் கழிவும் அதே வழியில் அதே நீருக்குள் இறங்கும்.

இக்குறையைத் தீர்க்க நடந்த முயற்சியில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005இல் கவரத்தித் தீவில் ஒரு நன்னீராக்க நிலையத்தை அமைத்தது. கடலின் மேற்பரப்பு நீர் வெதுவெதுப்பானது; ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்து நீரோ மிகக் குளிர்ந்தது. காற்றழுத்தம் குறைக்கப்பட்ட கலத்துக்குள் மேல்நீரைச் செலுத்தினால் அதில் ஒரு பகுதி, காய்ச்சாமலேயே ஆவியாகும். அவ்வாவியை ஆழ்கடலின் குளிர்நீரால் குளிர்வித்தால் நன்னீர் கிடைக்கும். கடலே அடுப்பு, கடலே குளிர்கலம். எனினும் நீரை மேலேற்றவும் காற்றை வெளியேற்றவும் மின்னாற்றல் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் தரும் வகையில் அமைந்த இம்முறை 2011இல் மினிக்காய்க்கும் அகத்திக்கும் வந்தது. பின்னர் வேறு சில தீவுகளுக்கும் விரிந்தது.

ஒரு இலட்சம் லிட்டர் என்பது கேட்பதற்குப் பெருந்தொகை. 10,000 பேருக்குப் பங்கிட்டால் தலைக்குப் பத்து லிட்டர். குடிக்கவும் உலை வைக்கவும் போதும். நகர விடுதியின் தூவாலைக் குழாய் அந்தப் பத்து லிட்டரை ஒன்றிரண்டு நிமிடத்தில் பொழிந்துவிடும். கவிஞர் கடலில் நீந்திவிட்டு வந்து, உப்புப் போகப் பத்து நிமிடம் குழாயடியில் நிற்பாரானால், அந்நேரத்தில் ஒரு குடும்பத்தின் நாளைத் தலையில் ஊற்றிக்கொண்டவர் ஆவார். இதை அறிந்த பின், அலையோசை என்ற வரிக்குக் கீழே அவர் ஒரு வாளி என்று எழுதிக் கொள்கிறார்.

அடுத்து உணவும் தொழிலும். மினிக்காயின் தொழில் சூரை மீன்பிடி. வலைவீச்சால் கூட்டங் கூட்டமாக வாருவது அவர்கள் வழக்கமன்று. தூண்டிற்கோலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கின்றனர். அதன் முறை அறியத்தக்கது. பவளத் திட்டு அரண்போல் வளைத்து நிற்கும் ஆழமற்ற உட்கடலைக் காயல் எனலாம். முதலில் அக்காயலில் பவளக் கிளைகளை ஒட்டித் திரியும் சிறுமீன்களைப் பிடித்து, படகினுள்ளேயே கடல்நீர் புகுந்து வெளியேறும் தொட்டியில் உயிரோடு வைத்துக் கொள்கின்றனர். பின் திட்டைக் கடந்து திறந்த கடலுக்குச் செல்கின்றனர். ஆலாப் பறவைகள் கூட்டமாக வட்டமிட்டு நீரில் பாயும் இடமே சூரைக் கூட்டம் உள்ள இடம். அங்கே சிறுமீன்களை வீசி, நீரைத் தெளித்து, கடல்மேல் இரை துள்ளுவதாக மயக்கம் உண்டாக்குகின்றனர். சூரை மேலெழுந்து பாயும். கோல்கள் இறங்கும், எழும். மீன்கள் தோளுக்கு மேலாகப் பறந்து படகில் விழும்.

பிடித்ததை உப்புநீரில் அவித்து, புகையூட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைத்தால் அதுவே மாசி. தென் தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் மாசியின் மணம் அறியாத சமையலறைகள் குறைவு. மாசிச் சம்பலுக்கு அம்மியில் இடித்த கைகளுக்கு, அந்த மரக்கட்டை போன்ற மீன் எந்தக் கடலிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் தெரியாது. மினிக்காய்க்கும் மாலத்தீவுக்கும் உரிய அப்பண்டமே நம் சோற்றுத் தட்டுக்கும் அத்தீவுக்கும் இடையிலான பழைய பாலம்.

இங்கே கருப்பொருள்கள் ஒன்றோடொன்று கோத்து நிற்பதைக் காணலாம். பவளம் இருந்தால் சிறுமீன். சிறுமீன் இருந்தால் சூரை. சூரை இருந்தால் மாசி. மாசி இருந்தால் ஊர். பவளத்தைப் பலர் கல்லென்று எண்ணுகின்றனர். அது சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. பாறைபோல் திரளும் பவள வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்வன. ஒரு முழ உயரமுள்ள திரளுக்கு அரை நூற்றாண்டு வயது இருக்கக் கூடும். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால், பவள உயிரிகள் தம் உடலுக்குள் வாழ்ந்து தமக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகும். சூடு நீடித்தால் மடியும். இலட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளுப்பு நேர்ந்தது. ஒவ்வொரு வெளுப்புக்கும் இடையே தேறுவதற்குக் கிடைக்கும் காலம் போதுமானதாக இல்லை.

பவளத் திட்டு அலையின் வேகத்தை உடைத்துக் கரையைக் காக்கும் அரணுமாகும். பங்காரம் என்னும் பவள வட்டத்தைச் சேர்ந்த ஆளில்லாச் சிறுதீவு ஒன்று, பறளி என்னும் பெயருடையவற்றுள் முதலாவது, கடல் அரிப்பால் முற்றிலும் மறைந்துவிட்டதாக 2017இல் ஆய்வுச் செய்தி வெளிவந்தது. குமரிக்கோட்டைக் கடல்கொண்ட கதையைத் தலைமுறைதோறும் பேசி வரும் மொழிக்கு, ஒரு தீவு கடலுக்குள் போன செய்தி வெறும் செய்தியாக இருக்க முடியாது.

பவள உயிரிகள் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டைக்கூட நினைவுப் பொருளாக எடுத்துவருவது தகாது. ஆழமற்ற நீரில் களைத்துப்போய் ஒரு பவளத்தின்மேல் கால் ஊன்றி நிற்பது, ஒருவரின் ஐம்பதாண்டுக் கட்டடத்தின்மேல் ஏறி மிதிப்பதாகும். நீந்தத் தெரியாதவர் கண்ணாடித் தளப் படகில் அமர்ந்து பார்த்துக் களிக்கலாம். கொண்டு சென்ற நெகிழிப் புட்டியையும் உறையையும் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். புதைப்பதற்கு அங்கே நிலமில்லை.

இறுதியாக ஊரும் மக்களும். மற்றத் தீவுகளில் வழங்குவது மலையாளத்தின் கிளைவழக்கு. மினிக்காயில் வழங்குவது மாலத்தீவு மொழியோடு ஒன்றான மஹல். அதன் எழுத்து வலப்புறத்திலிருந்து இடப்புறமாகச் செல்வது. மொழிக் கலைஞர் என்று தம்மைக் கருதும் கவிஞர், அங்கே கடைப்பலகையைக்கூடப் படிக்க இயலாதவராக நிற்பார். அப்பணிவு நல்லது. மக்கள் இசுலாமியர், தாய்வழி உரிமை பேணுபவர். தெய்வம் என்னும் கருப்பொருளின் இடத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. தொழுகை வேளையும் நோன்பும் நாளை வகுக்கின்றன. மக்கள் வாழும் தீவுகளில் மது நெடுங்காலமாக விலக்கப்பட்டு வந்துள்ளது. கரையில் உலவும் உடை ஊருக்குள் பொருந்தாது. இவற்றையெல்லாம் கட்டுப்பாடுகள் என்று எண்ணுபவர் வேறு இடம் தேடிக்கொள்வதே இருதரப்புக்கும் நன்று.

இரண்டாம் பட்டியல் நீண்டுவிட்டது. மரமாகத் தென்னையும், பறவையாக ஆலாவும், நீராக மணற்கிணறும், உணவாக மாசியும், தொழிலாகக் கோல்வீச்சும் அதில் வந்து சேர்ந்துவிட்டன. முதற்பட்டியலின் நான்கு வரிகளில் இப்போது எஞ்சியிருப்பவை அலையோசையும் குறிப்பேடும் மட்டுமே.

உரிப்பொருள்

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பிரிந்து சென்றவன் வரவு நீட்டித்த நிலையில், கரையில் நிற்பவள் ஆற்றாது வருந்துதல். தனிமையை நாடிச் செல்லும் கவிஞரின் மனநிலைக்கு இதனோடு உறவிருப்பதுபோல் தோன்றும். உற்று நோக்கினால் அவ்வுறவு மெல்லியது. கவிஞர் தாமே விரும்பிப் பிரிகிறார். திரும்பும் நாளைச் சீட்டில் குறித்து வைத்திருக்கிறார். இரங்குபவளுக்கு அந்த நாள் தெரியாது.

மினிக்காயின் ஆடவர் பலர் தலைமுறைகளாக உலகக் கடல்களில் செல்லும் வணிகக் கப்பல்களில் பணியாற்றி வருபவர்கள். திங்கள் கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பவர்கள். ஊரையும் உறவையும் நடத்திச் செல்வதில் பெண்கள் அங்கே முன்னிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். 1885இல் கட்டப்பட்ட வெண்ணிறக் கலங்கரை விளக்கம் தென்கோடியில் நிற்கிறது. சுற்றுலா வருவோர் அதன் படியேறிக் காட்சி காண்கின்றனர். மகனைக் கடலுக்கு அனுப்பிய ஒருத்திக்கு அது இரவுதோறும் ஒரு கேள்வி. இரங்கல் என்னும் உரிப்பொருள் அத்தீவில் ஏற்கெனவே குடியிருக்கிறது. அதை வெளியிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு செல்ல வேண்டியதில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் இங்கே எண்ண வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிமுனையைக் கடந்து அரபிக்கடலில் புகுந்தது. கார்த்திகைத் திங்கள், கூதிர்காலம், பயணத்துக்கு ஏற்றதென்று மேலே சொல்லப்பட்ட அதே காலம். ஆழ்கடலுக்குச் சென்றிருந்த குமரி மாவட்டத்து மீனவரும் கேரள மீனவரும் எச்சரிக்கை எட்டாமல் அதில் சிக்கினர். பலர் திரும்பவில்லை. உயிர் பிழைத்த படகுகளில் பல, காற்று தள்ளிய வழியே சென்று இலட்சத்தீவின் கரைகளில் ஒதுங்கின. அந்நாள்களில் புயல் அத்தீவுகளையும் தாக்கியிருந்தது; தென்னைகள் சாய்ந்திருந்தன; கரைகள் அரிக்கப்பட்டிருந்தன. அந்நிலையிலும் ஒதுங்கியவர்க்கு அங்கே இடமும் உணவும் கிடைத்தன.

ஒதுங்குதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு முகங்கள் உண்டு. ஆரவாரத்திலிருந்து விலகிச் சற்றே தனித்திருத்தல் ஒன்று. மழைக்கும் புயலுக்கும் அஞ்சிப் பிறர் கூரையின்கீழ் நிற்றல் மற்றொன்று. கவிஞர் முதற்பொருளில் ஒதுங்கத் திட்டமிட்டார். அதே கரையில் அனுமதிச் சீட்டோ நற்சான்றோ இல்லாமல், இரண்டாம் பொருளில் ஒதுங்கியவர்கள் நம்மவர்கள். குளச்சலிலும் தூத்தூரிலும் கரையில் நின்ற பெண்களுக்கு, அவர்கள் ஒரு தீவில் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி வந்த அந்த நேரத்தில், தீவு என்னும் சொல்லுக்குத் தனிமை என்று பொருளில்லை.

இதனை உணர்ந்த பின் தீவை வெறுமையின் உவமையாக்குவது எளிதாக இராது. உவமை கூடாது என்பது கருத்தன்று. உவமைப் பொருள் எது என்று அறிந்து ஆளுதல் வேண்டும் என்பதே கருத்து. சங்கப் புலவர் நெய்தலைப் பாடியபோது வலை உலர்த்தும் மணலையும் மீன் காக்கும் மகளிரையும் உப்பு வண்டியையும் விட்டுவிட்டுப் பாடவில்லை. வருத்தத்தைச் சொல்லப் புகுந்த இடத்தும் அவ்வூரின் பிழைப்பு அங்கே இருந்தது. அதனாலேயே அவ்வருத்தம் இன்றும் நம்பத்தக்கதாக இருக்கிறது.

நிறைவாக

2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இலட்சத்தீவைப் பற்றிய செய்திகளும் படங்களும் நாடெங்கும் பரவின. அங்கே சென்றுவர வேண்டும் என்னும் ஆவல் பலர் உள்ளத்தில் எழுந்தது. ஆவல் இயல்பானது, அதனைக் குறைகூற வேண்டியதில்லை. விருந்தினர் வருகையால் தீவினர்க்கு வருவாயும் உண்டு. ஆனால் பத்துப் பேர் ஆவலோடு வரும்போது விருந்தாக இருப்பது, பல்லாயிரவர் வரும்போது மணற்கிணற்றுக்குச் சுமையாகிறது. அந்தப் பல்லாயிரவருள் ஒவ்வொருவரும் தம்மைத் தனியர் என்றே எண்ணிக்கொண்டு வருவர்.

எனவே கற்பனைக் கவிஞரின் இறுதிப் பட்டியலை இங்கே படித்துக்காட்டுவது பொருந்தும். மார்கழி அல்லது தை. எட்டு நாள் விடுப்பு. அனுமதி. கப்பல் சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின் இரண்டு நாள் கையிருப்பு. ஊருக்குள் உடுக்கப் பருத்தி உடை. துணிப்பை ஒன்று, சொந்தக் குப்பையைத் திருப்பிக் கொண்டுவர. நீருக்கு ஒரு புட்டி, நிரப்பி நிரப்பிக் குடிக்க. குளியலுக்கு ஒரு வாளி. வாங்கிவரச் சிறிது மாசி, உரிய விலை கொடுத்து. மஹல் மொழியில் வணக்கம் சொல்லவும் நன்றி சொல்லவும் இரண்டு சொற்கள், அங்கே கேட்டுக் கற்றுக்கொள்ள. கடைசி வரியில், முதற்பட்டியலிலிருந்து எஞ்சிய அதே குறிப்பேடு.

அக்குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் அவர் முன்னதாகவே ஒரு தலைப்பை எழுதி வைத்திருந்தார். 'நான் என்னும் தீவு' என்பது அது. புறப்படுவதற்கு முந்திய இரவில் அதை அடித்துவிட்டார். புதிய தலைப்பு எதுவும் எழுதவில்லை. திரும்பி வரும் கப்பலில் எழுதிக்கொள்ள அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.